மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஆள்

தாராவிக்காரர்கள் லோக்கல் பிடிக்க வரும் சயான் ரயில் நிலையத்தில், தொடுதிரை டிக்கெட் மெஷின்களுக்கு முன்னால் எந்நேரமும் ஒரு சிறு கூட்டம் நிற்கும். மும்பையின் எந்தப் புறநகர் நிலையத்துக்குப் போனாலும் இந்தக் காட்சி உண்டு. கவுன்ட்டரில் ஆள் தேவைப்படாமல் டிக்கெட் கொடுப்பதற்காக ரயில்வே வைத்த மெஷின் அது. ஸ்மார்ட் கார்டை வைத்து, போகும் ஊரைத் தொட்டு, எத்தனை பேர் என்று தட்டினால் டிக்கெட் வந்து விழும். ஆனால் கூட்டம் மொய்ப்பது மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கும் ஆளைச் சுற்றி. பெரும்பாலும் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவராக இருப்பார். ரயில்வேயே கமிஷன் கொடுத்து அவரை அங்கே நிறுத்தியிருக்கிறது. “தாதர், ரிட்டன், ரெண்டு” என்று காசை நீட்டினால் போதும். தன் கார்டை வைத்து, திரையைப் பார்த்தும் பார்க்காமலும் நாலு தட்டு தட்டி டிக்கெட்டைக் கையில் கொடுத்துவிடுவார்.

ஆளைக் குறைக்க மெஷின் வைத்தார்கள், மெஷினை ஓட்ட ஆள் வைத்தார்கள் என்று சிரிக்கிறவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வருவதில்லை. இந்த நகரத்தில் தொழில்நுட்பம் எப்படி ஓடுகிறது என்பதை இவ்வளவு ஒளிவுமறைவில்லாமல் காட்டுகிற இடம் வேறு இல்லை. இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பை, 9.12 வண்டி வரப்போகிற அறிவிப்பு. அந்தப் பெண்ணுக்கு மெஷின் தெரியாது என்று எப்படிச் சொல்வது? வாயால் சொன்னால் முடிகிற வேலைக்கு அவர் ஏன் விரலைச் செலவழிக்க வேண்டும்? ரயில்வே இதைப் புரிந்துகொண்டு அந்த ஆளை நிறுத்தியதா, வேறு வழியில்லாமல் நிறுத்தியதா என்பது வேறு விஷயம். நிறுத்தியது சரி.

புதிதாக ஒரு செயலியோ கருவியோ வந்தால் நம் செய்தித்தாள்களும், அரசு அலுவலகங்களும், அதைச் செய்த நிறுவனங்களும் முதலில் ஓடிப்போய் வாங்கியவர்களிடம்தான் கருத்துக் கேட்கின்றன. மீதிப் பேர் எப்போது வந்து சேர்வார்கள் என்பது மட்டும்தான் கேள்வி. அந்த மீதிப் பேர்தான் ஊர். அவர்கள் தாமதமாக வருவதில்லை. வேறு வழியாக வருகிறார்கள்.

பி.பி. நம்பரின் வாரிசுகள்

மும்பைத் தமிழர்களுக்கு இந்த வேறு வழி புதிதல்ல. போரிபந்தர் ஜிபிஓவுக்கு எதிரே குடைக்கும் தார்ப்பாய்க்கும் அடியில் உட்கார்ந்து கடிதமும் மணியார்டர் பாரமும் எழுதிக் கொடுத்தவர்கள் வழியாகத்தான் எத்தனையோ பேரின் சம்பளம் ஊருக்குப் போனது. பிறகு டெலிபோன் வந்தது. ‘சால்’ எனப்படும் வரிசை வீட்டுக் கட்டடத்தில் ஒரு வீட்டில் போன். இருபது வீட்டுக்கு அதுவே நம்பர். கல்யாணப் பத்திரிகையில், விசிட்டிங் கார்டில், அந்த நம்பருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ‘பி.பி.’ என்று போட்டுக்கொள்வோம். போன் வந்தால் அந்த வீட்டுப் பையன் மாடிப்படியில் நின்று கத்துவான். யார் வீட்டில் யார் இறந்தார்கள், யாருக்கு வேலை கிடைத்தது என்பதெல்லாம் போன் வைத்திருந்த மாமிக்குத்தான் முதலில் தெரியும். அந்தரங்கம் என்று ஒன்று இருந்ததாக எங்களுக்கு ஞாபகமில்லை. அதை நல்ல காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கப்புறம் மஞ்சள் போர்டு எஸ்டிடி பூத். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் கட்டணம் குறையும் என்று காத்திருந்த வரிசை. கடைவாசலில் தொங்கிய ஒரு ரூபாய் காயின் பாக்ஸ்.

கைப்பேசிக்கு வருவோம். 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து முதல்வர் ஜோதி பாசு டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுக்குப் பேசியதுதான் இந்தியாவின் முதல் மொபைல் அழைப்பு. அப்போது நிமிடத்துக்குப் பதினாறு ரூபாய் வரை கட்டணம். வருகிற அழைப்புக்கும் காசு. அந்த வருஷம் போன் வாங்கிய கனவான்களைக் கூட்டிவைத்து, இந்தச் சாதனம் நாளை எதற்கெல்லாம் பயன்படும் என்று கேட்டிருந்தால் என்னென்னவோ சொல்லியிருப்பார்கள். ‘மிஸ்டு கால்’ என்று ஒருவர்கூடச் சொல்லியிருக்க மாட்டார். 2003-இல் உள்வரும் அழைப்பு இலவசமானதும் காசில்லாதவர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். ஒரு மிஸ்டு கால் என்றால் ‘கூப்பிடு’, இரண்டு என்றால் ‘கிளம்பிவிட்டேன்’. சில வருஷத்தில் வங்கிகள் மிஸ்டு கால் கொடுத்தால் கணக்கில் இருப்பைச் சொல்கிறோம் என்றன. அரசியல் கட்சிகள் மிஸ்டு காலில் உறுப்பினர் சேர்த்தன. இதை வைத்தே 2010-இல் பெங்களூரில் தொடங்கிய ஜிப்டயல் என்ற நிறுவனத்தை 2015-இல் ட்விட்டர் விலைக்கு வாங்கியது. கண்டுபிடித்தவர்களுக்கு ஒரு பைசா கிடைக்கவில்லை. பேலன்ஸ் இல்லாதவனின் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை யார் கொடுப்பார்கள்?

இப்படிக் கடைசியில் வருகிறவர்களுக்குப் பாடப்புத்தகத்தில் ஒரு பெயர் உண்டு. 1962-இல் எவரெட் ரோஜர்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் புதுமைகள் பரவும் விதம் பற்றி ஒரு நூல் எழுதினார். புதியதைத் தொடுகிறவர்களை அவர் ஐந்தாகப் பிரித்தார். துணிந்து இறங்குவோர் 2.5 சதவீதம், அடுத்து வரும் முன்னோடிகள் 13.5, நடுவில் 34, இன்னொரு 34, கடைசியில் 16. அந்தக் கடைசிப் பதினாறுக்கு அவர் வைத்த பெயர் ‘லேகார்ட்’. சுணங்கி நிற்பவர் என்று பொருள், வசைச்சொல்லாகவும் வழங்கும். மேலாண்மை வகுப்புகளில் இன்றைக்கும் மணி வடிவக் கோடு போட்டு இதைத்தான் நடத்துகிறார்கள்.

அவர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது ரோஜர்ஸின் அப்பாவைப் பற்றி. அயோவா மாநிலத்து விவசாயி. புதிய இயந்திரங்கள் என்றால் அவருக்கு அப்படி ஒரு ஆசை. ஆனால் கலப்பின மக்காச்சோள விதையைத் தொடமாட்டேன் என்று விட்டார். 1936-இல் வறட்சி வந்தது. அக்கம்பக்கத்தில் கலப்பினப் பயிர் நிமிர்ந்து நிற்க, அவர் வயல் வாடியது. அதற்குப் பிறகுதான் மாறினார். மகன் வகுத்த கணக்கின்படி அந்த மனிதர் முன்னோடியா, சுணங்கியா? இயந்திரத்தில் ஒன்று, விதையில் மற்றொன்று. விதை வாங்கினால் அடுத்த வருஷமும் காசு கொடுத்து வாங்க வேண்டும், வீட்டில் எடுத்துவைக்க முடியாது என்கிற கணக்கு கலப்பின விதையில் எப்போதுமே உண்டு. ரோஜர்ஸ் நேர்மையானவர். புதுமை என்றாலே நல்லது, ஏற்காதவன் மேல்தான் தப்பு என்று தம் துறை சாய்ந்து நிற்பதைப் பிற்காலப் பதிப்புகளில் அவரே குறையாக எழுதினார். மேலாண்மை வகுப்புகள் கோட்டை வைத்துக்கொண்டு குறையை விட்டுவிட்டன.

மிட்டி ஆற்றின் இரண்டு கரைகள்

கைப்பேசி வழியே பணம் அனுப்பும் யூபிஐ-யை நடத்தும் என்பிசிஐ-யின் தலைமையகம் பாந்த்ரா குர்லா வளாகத்தில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கிறது. நடுவில் மிட்டி ஆறு. ஆற்றுக்கு இந்தப் பக்கம் தாராவி. 2016 ஏப்ரலில் அப்போதைய ரிசர்வ் வங்கி ஆளுநர் ரகுராம் ராஜன் யூபிஐ-யை அறிமுகப்படுத்தினார். ஆகஸ்டில் வங்கிச் செயலிகள் வந்தன. நவம்பர் 8 அன்று பணமதிப்பு நீக்கம். டிசம்பர் 30 அன்று பீம் செயலி. 2025 ஆகஸ்டில் ஒரே மாதப் பரிவர்த்தனை 2000 கோடியைத் தாண்டிவிட்டது. உலகத்தில் வேறெங்கும் இப்படி நடக்கவில்லை என்று பெருமைப்படலாம். தப்பில்லை.

ஆனால் எது இதைத் தெருவில் நிற்கவைத்தது என்று கேட்டால் என் பதில், பணம் வந்ததும் கடையில் சத்தமாகச் சொல்லும் அந்தப் பேசும் டப்பா. யூபிஐ வந்து மூன்று நான்கு வருஷம் கழித்துத்தான் கடைகளில் அது வந்தது. விடிகாலை தாராவியில் இட்லி அவித்து, அலுமினியப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டி, ரப்பர் ஹார்னை ‘பூம் பூம்’ என்று அமுக்கிக்கொண்டு நகரமெங்கும் போகிற நம் ஊர் அண்ணாச்சிகளை நினைத்துப் பாருங்கள். ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் தட்டு, இரண்டிலும் சட்னி. எதிரில் ஆறு பேர். பணம் வந்ததா என்று அவர் எந்தக் கையால் போனை எடுத்து, எந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எந்த மொழியில் வந்திருக்கும் குறுஞ்செய்தியைப் படிப்பார்? வாங்கியவர் நீட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்புவதைத் தவிர வழியில்லை. பொய் ஸ்கிரீன்ஷாட் காட்டி ஏமாற்றுவதற்கென்றே செயலிகள் வந்தன. முன்னோடிப் பயனாளிக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது. அவர் ஏசி அறையில் நண்பருக்குப் பணம் அனுப்பி, டிக் குறியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர். தாராவியின் 90 அடி ரோட்டில் ஒரு சாயங்காலம் நின்றால், நூறு ரூபாய் வந்துவிட்டது என்று இந்தியிலும் மராத்தியிலும் தமிழிலும் டப்பாக்கள் போட்டிபோட்டுக் கத்துவதைக் கேட்கலாம். 2020 ஜனவரி முதல் யூபிஐ-க்கு வியாபாரியிடம் கட்டணம் கிடையாது என்பதால், நிறுவனங்களுக்கு வருமானம் தருபவற்றில் இந்த டப்பாவின் மாத வாடகையும் ஒன்று. அண்ணாச்சியின் சட்னிக் கை பில்லியன் டாலர் கம்பெனிகளுக்கு வழி காட்டியிருக்கிறது.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் யூபிஐ-க்குள்ளேயே இருந்தது. நமக்கு வர வேண்டிய பணத்தைக் கேட்டு இன்னொருவருக்குக் கோரிக்கை அனுப்பும் வசதி. முதலில் வந்தவர்களுக்கு அது அழகான ஏற்பாடு. ஓட்டல் பில்லை நண்பர்களிடம் பங்குபோடலாம். மற்றவர்களுக்கு அது பொறி. “உங்களுக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன், பின் நம்பர் போட்டால் கணக்கில் ஏறும்” என்பான் மோசடிக்காரன். பணம் வாங்கப் பின் வேண்டாம் என்பது கட்டமைத்தவருக்குத் தெரியும். ஆனால் ஏடிஎம்மில் பின் போட்டால் கையில் பணம் வருகிறது என்று பத்து வருஷம் பழகிய ஒருவருக்கு? அவர் அனுபவத்தின்படி நியாயமாகத்தான் நம்பினார். தனிநபர்களுக்கு இடையிலான அந்தக் கோரிக்கை வசதியை என்பிசிஐ 2025 அக்டோபர் 1 முதல்தான் நிறுத்தியது. ஒன்பது வருஷம். ஆற்றைத் தாண்டி ஒரு நாள் வந்து நின்றிருந்தால் எவ்வளவு முன்னால் தெரிந்திருக்கும்!

சாதாரணப் பயனாளி என்றதும் படிக்காதவர், ஏழை என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் நமக்கு இருக்கிறது. செம்பூரில் எங்கள் பக்கத்துக் கட்டடத்து மாமா பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தவர். அறை நிறைய நின்ற கம்ப்யூட்டர்களோடு பழகியவர். பென்ஷன் கணக்கைப் போனில் ஏற்ற மாட்டேன் என்று இன்றுவரை சாதிக்கிறார். இன்னொரு வங்கியில் தனியாக ஒரு கணக்கு. அதில் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் போட மாட்டார். பூவுக்கும் காய்க்கும் காபிப் பொடிக்கும் அதிலிருந்து ஸ்கேன் செய்வார். “போனா ரெண்டாயிரம் போகட்டும்டா” என்பார். பின்னர் 2022-இல் யூபிஐ லைட் என்று சின்னத் தொகைக்குத் தனிப் பை ஒன்று வந்தது. ஆரம்பத்தில் அதன் உச்சவரம்பும் இரண்டாயிரம்தான். அது வந்தது வங்கிக் கணினிகளின் சுமையைக் குறைக்க, மாமாவின் பயத்தைப் பார்த்து அல்ல. மாட்டுங்காவில் வங்கிவாசலில் பாஸ்புக்கை அச்சடிக்க நிற்கும் பெரியவர்களைப் பாருங்கள். அச்சடித்த வரியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார்கள். அவர்களில் பலரின் பிள்ளைகள் அமெரிக்காவில் மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அதனால்கூட இருக்கலாம்.

ஒரு ஆள், ஒரு போன் என்ற கற்பனை

நம் மின்னாளுகையின் அடிப்படையிலேயே ஒரு கற்பனை இருக்கிறது. ஒரு ஆள், அவருக்கு ஒரு போன், அதில் மாறாத ஒரு நம்பர், அதை அவர் மட்டுமே பார்ப்பார். முன்னோடிப் பயனாளி அப்படித்தான் இருந்தார். ஆனால் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தாமே பயன்படுத்தும் கைப்பேசி உள்ள பெண்கள் 54 சதவீதம் பேர்தான். மீதிப் பேர் வீட்டுப் போனில், மகன் போனில், அடுத்த வீட்டு அக்கா போனில் காரியம் பார்க்கிறார்கள். பத்துக்குப் பத்து ‘கோலி’யில், அதாவது ஒற்றை அறையில், ஐந்து பேர் இருக்கும் வீட்டில் போன் என்பது மின்விசிறி மாதிரி பொதுச்சொத்து. நித்யா சம்பாசிவனும் சக ஆய்வாளர்களும் பெங்களூரின் குடிசைப் பகுதிகளில் இதைக் கவனித்து 2010-இலேயே எழுதினார்கள்: பலர் தொழில்நுட்பத்தை இன்னொருவர் கை வழியாகப் பயன்படுத்துகிறார்கள், அந்த இடையாளையும் சேர்த்துத்தான் ‘பயனாளி’ என்று எண்ண வேண்டும் என்று. ஒருவர் கணக்கிலிருந்து வீட்டில் மற்றவரும் செலவழிக்கலாம் என்கிற யூபிஐ சர்க்கிள் வந்தது 2024 ஆகஸ்டில். அதுவரை அம்மாவின் பின் நம்பர் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்திருந்ததை ‘விழிப்புணர்வு இல்லாமை’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

கோவின் தளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 2021 மே மாதம் 18 முதல் 44 வயது வரையிலானவர்களுக்குத் தடுப்பூசி என்றபோது இணையத்தில் முன்பதிவு கட்டாயம். தளம் ஆங்கிலத்தில். நிரல் எழுதத் தெரிந்தவர்கள் காலியிடம் திறந்ததும் தகவல் சொல்லும் பாட்களை உருவாக்கினார்கள். நகரத்து இளைஞர்கள் காரெடுத்துக்கொண்டு கிராமத்து மையங்களில் போய் ஊசி போட்டுக்கொண்டார்கள். அவர்கள் செய்தது குற்றமில்லை. முதலில் ஓடுகிறவருக்கே என்று பந்தயம் வைத்தது அரசு. மே 24-க்குப் பிறகுதான் அரசு மையங்களில் நேரில் பதிவு செய்ய வழி வந்தது. மே 31 அன்று உச்ச நீதிமன்றம் இந்த டிஜிட்டல் இடைவெளியைச் சுட்டிக் கேள்வி கேட்டது. ஜூனில் இந்தியும் பிற மொழிகளும் ஏறின. அதற்கு முந்தைய வருஷம் இதே தாராவியில் கொரோனாவை மட்டுப்படுத்தியதில் மருத்துவர்களும் மாநகராட்சி ஊழியர்களும் வெப்பமானியும் ஆக்சிமீட்டருமாகக் கதவு கதவாகத் தட்டியதற்குப் பெரிய பங்கு உண்டு. தாராவி கொரோனாவை மட்டுப்படுத்தியதை உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைவரே குறிப்பிட்டுப் பேசினார். ஒரே வருஷத்தில் அந்தப் பாடத்தை மறந்துவிட்டு, நீங்கள்தான் எங்கள் கதவைத் தட்ட வேண்டும் என்றது அரசு.

2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு ஒரு தீர்ப்பு சொன்னது. ஆசிட் வீச்சில் முகம் சிதைந்தவர்களால் இ-கேஒய்சி என்ற இணையவழி அடையாளச் சரிபார்ப்பில் கேமரா முன் கண் சிமிட்ட முடியவில்லை என்ற வழக்கு. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்றார்கள். கண் சிமிட்ட முடியாதவரும் மனிதர்தான் என்பதற்கு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

வராமல் நிற்பவருக்கும் காரணம் இருக்கும். 2025 ஜூலையில் பெங்களூரில் சிறு வியாபாரிகளுக்கு யூபிஐ வரவுகளை வைத்து ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்தது. அதையடுத்துக் கடைகளில் ‘யூபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்’ என்ற அட்டைகள் தொங்க ஆரம்பித்தன. ஏற்கெனவே யூபிஐ-யில் இருந்தவர்கள், சரளமாகப் பழகியவர்கள், கணக்குப் பார்த்து வெளியேறினார்கள். ரோஜர்ஸின் கோட்டில் இவர்களை எந்த இடத்தில் வைப்பது?

என் கட்சி இதுதான்: இடையாளை அங்கீகரியுங்கள். ரயில்வே கமிஷன் கொடுத்து மெஷினுக்குப் பக்கத்தில் ஒருவரை நிறுத்தியதுபோல, மின்சேவைகளுக்கும் பெயரும் பொறுப்பும் கூலியும் உள்ள ஒருவரை நிறுத்துங்கள். இப்போது அந்த வேலையைத் தாராவியில் பார்ப்பது மொபைல் ரீசார்ஜ் கடைத் தம்பிகள். பான் கார்டு, பாஸ்போர்ட், ரேஷன், கல்லூரி விண்ணப்பம் எல்லாம் அங்கேதான். எனக்குத் தெரிந்த ஒரு கடையில் ஒரு நீள நோட்டு இருக்கிறது. வாடிக்கையாளர் பெயர், ஈமெயில், பாஸ்வேர்டு எல்லாம் வரிசையாக நீல மையில். அங்கே வரும் பெண்களில் பலர் தங்கள் பெயரில் ஒரு ஈமெயில் இருப்பதையே அறியமாட்டார்கள். பாதுகாப்பு நிபுணர் பார்த்தால் மயங்கி விழுவார். எனக்கும் பயம்தான்; அந்தத் தம்பி நல்லவர் என்பதைத் தவிர அங்கே வேறு பூட்டு கிடையாது. ஆனால் அந்த நோட்டு இல்லாவிட்டால் பாதித் தெருவுக்கு அரசாங்கம் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

மகாராஷ்டிர அரசு பெண்களுக்கு மாதம் 1500 ரூபாய் தரும் ‘லாட்கி பஹின்’ திட்டத்துக்கு 2025 செப்டம்பரில் இ-கேஒய்சியைக் கட்டாயமாக்கி இரண்டு மாதக் கெடு வைத்தது. பெண்ணின் ஆதார் ஓடிபி மட்டும் போதாது. கணவர் அல்லது தந்தையின் ஆதாருக்கும் ஓடிபி வேண்டும். கணவர் லாரியில் எங்கோ போய்க்கொண்டிருப்பார். ஓடிபி அவர் போனுக்குப் போகும். பத்து நிமிடத்தில் காலாவதியாகும். கணவனும் தந்தையும் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று கேள்வி எழுந்த பிறகு நவம்பரில் வழி சொல்லி, கெடுவை டிசம்பர் 31 வரை நீட்டினார்கள்.

அக்டோபரில் தீபாவளியை ஒட்டி ஒரு நாள் அந்த ரீசார்ஜ் கடைப் பக்கம் போனேன். ஷட்டர் இறங்கியிருந்தது. தாதர்-திருநெல்வேலி எக்ஸ்பிரஸில் தம்பி ஊருக்குப் போய்விட்டார். திரும்பிவரப் பத்து நாள் என்று ஷட்டரில் காகிதம் ஒட்டியிருந்தது, கீழே அவருடைய நம்பர். ஆதார் நகல்களைப் பாலித்தீன் பையில் சுற்றி எடுத்துவந்த மூன்று பெண்கள் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார்கள். வயதில் மூத்த அக்கா காகிதத்தைப் பார்த்து நம்பரை ஒவ்வொன்றாக அழுத்தி, ஒரு ரிங் போனதும் கட் பண்ணிவிட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.